சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்து முகம்

என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அழுத டாக்டர்கள் நிறையப் பேர். எல்லாரும் இளசுகள், எம்.டி., எம்.எஸ். படிக்கிறவர்கள். படிப்பை முடிக்க ஆளுக்கொரு ஆய்வு செய்து தீசிஸ் எழுத வேண்டும். நோயாளிகளிடம் எண்களைச் சேர்ப்பது அவர்கள் வேலை. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. புள்ளியியல் படித்துவிட்டு, தி. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் தொடங்கினேன். அங்கே வாடகை ஏறியதும் மயிலாப்பூரில், கச்சேரி சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கே மேஜையைக் கொண்டுவந்துவிட்டேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்: "மேடம், p வரலை. கொஞ்சம் வர வைக்க முடியுமா?" அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்யக் கூப்பிட்ட ஆளிடம் கேட்கிற மாதிரி.

p என்பது ஒரு சின்ன எண். மருந்து ஒன்றுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வெறும் தற்செயலாக இந்த அளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ கண்ணில் படலாம் இல்லையா, அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கினால் 'சிக்னிஃபிகன்ட்' என்று எழுதிக்கொள்ளலாம். அந்த ஐந்து வானத்திலிருந்து விழுந்ததில்லை, வசதிக்காக மனிதர்கள் வைத்துக்கொண்டது. ஆனால் நாலே முக்கால் வந்தால் என் முன்னறை கல்யாண வீடு, ஐந்தேகால் வந்தால் இழவு வீடு. வித்தியாசம் பெரியதா, அதனால் நோயாளிக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்டால் முழிப்பார்கள். சிக்னிஃபிகன்ட் வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கொஞ்சம் சிடுசிடுப்பானவள்தான், மறுக்கவில்லை.

அந்த வீட்டில் என்னோடு இருந்தது என் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் கல்யாணம் அமையவில்லை. அதற்குக் காரணம் தேடுவதையும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டோம். வேலையில் இருந்த காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே வாழ்ந்த மனுஷன். கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டினப்பாக்கம் வரை நடந்துபோய், மீன்காரம்மாக்களோடு வாயாடி, வாங்கிய மீனை வழியெல்லாம் ஆட்டிக்கொண்டு வருவதுதான் அவருடைய கோயில், குளம் எல்லாம்.

அவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று, பிறகு கீமோ ஏற்றினார்கள். கீமோ முடிந்தும் அது கால்களில் ஒரு எரிச்சலை விட்டுவிட்டுப் போனது. சிலருக்கு நரம்புகள் அப்படிக் கெட்டுப்போகும் என்றார்கள். பாதத்தில் விளக்குமாற்றுக் குச்சி பட்டால்கூடப் பல்லைக் கடிப்பார். தரையில் ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் நடந்து கழிப்பறைக்குப் போவார். சாயங்காலமானால் பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி இரண்டு காலையும் விட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். பட்டினப்பாக்கத்துக்கு நான் போக ஆரம்பித்தேன். "கண்டக்டர் இன்னா ஆனாரு?" என்று அங்கே கேட்பார்கள். வருவார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்த ஆஸ்பத்திரியில் எம்.டி. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் ஆய்வில் அண்ணன் சேர்ந்தார். இந்தக் கால் எரிச்சலுக்கு ஒரு களிம்பு உதவுமா என்பதுதான் ஆய்வு. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்குகிற மாதிரி, மூடிய உறையைப் பிரித்துப் பார்த்து, பாதிப் பேருக்குக் களிம்பு, மீதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை. அண்ணனுக்குக் களிம்பு விழுந்தது. வாரம் ஒருமுறை போக வேண்டும். ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டையை அந்தப் பெண் காட்டுவாள். முதல் முகம் சிரிக்கும், அதற்குப் பூஜ்யம். அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நாலு. கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும், அதற்குப் பத்து. நம் வலி எந்த முகமோ அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். சில வாரம் பார்த்தும் எண் இறங்காதவர்களை ஆய்விலிருந்து எடுத்து, வலிக்கென்றே இருக்கும் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வேறு வீரியமான மருந்துகள் கொடுப்பார்கள்.

அண்ணனை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது நான். அங்கே கூட இருந்து பார்த்துக்கொள்வது அவருடைய பழைய டிரைவர் நண்பர். அதனால் முதலில் அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை, அண்ணன் பேச்சில்தான் தெரியும். "டாக்டரம்மா இன்னிக்கி சாப்புடல போல. மூஞ்சி வாடிக் கெடந்துது" என்பார். "ஹாஸ்டல்ல இன்னாத்த போட்றானுங்களோ" என்பார். ஒருநாள் அவளுக்காக வடை வாங்கிக்கொண்டு போனார். அவர் எந்த முகத்தைத் தொட்டார் என்று நான் கேட்டதில்லை. பக்கெட்டைப் பார்க்கிற எனக்கு அது கேட்டுத் தெரிய வேண்டிய விஷயமாகப் படவில்லை.

எண்கள் எல்லாம் சேர்ந்த பிறகு கணக்குக்கு ஆள் தேடினாளாம். "எந்தங்கச்சி இதுக்குன்னே கீதும்மா" என்று அண்ணன்தான் அனுப்பிவைத்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். அண்ணன் உள்ளே ஜன்னலோரம் பக்கெட்டில் கால் வைத்திருந்தார். அவள் குரல் கேட்டதும் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. காலைத் துடைத்து, லுங்கியைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி முன்னறைக்கு வந்து நின்றார். வெறுங்காலோடு, வெறுந்தரையில். ஈரத்துணி இல்லாமல் அவர் நின்று நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"வாம்மா. எப்டி கீற?"

"நல்லா இருக்கேன் சார். உங்க கால் எப்படி இருக்கு?"

"சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது கதவு நிலையைப் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்ததை நான் பார்த்தேன். அவள் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தாள்.

எக்செல் தாளில் பெயர்கள் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, தொழில், வாராவாரம் தொட்ட முகத்தின் எண், அவ்வளவுதான். கணக்கை ஓட்டினேன். ஐந்துக்குக் கீழே, ஒரு மயிரிழையில் இறங்கி நின்றது. அவள் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டாள். "சிக்னிஃபிகன்ட்! மேடம், சிக்னிஃபிகன்ட்!" என்றாள். தொழில் என்ற பத்தியில் 'ஓய்வுபெற்ற கண்டக்டர்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. எட்டு, நாலு, இரண்டு, இரண்டு, இரண்டு. சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்து முகத்தையே தொட்டுத் தொட்டு வந்திருக்கிறார் என் அண்ணன்.

உள்ளே மறுபடி கால் பக்கெட்டில் இறங்கும் சத்தம் கேட்டது.

அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுக் கணக்கை இன்னொரு முறை ஓட்டினேன். இது ஏமாற்று இல்லை. ஒரு முடிவு எத்தனை பேர் தோளில் நிற்கிறது என்று பார்க்க நாங்கள் செய்கிற வேலைதான். எண் ஐந்தைத் தாண்டிவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது.

"அந்த பேஷன்ட்ட எடுக்கணுமா மேடம்?"

"எடுக்கக் கூடாது. நோயாளி என்ன சொன்னாரோ அதுதான் டேட்டா. நமக்குப் பிடிக்கலைன்னு எடுக்கிறதும் தப்பு, பிடிச்சிருக்குன்னு சேர்க்கிறதும் தப்பு. ஆனா ஒண்ணு சொல்லு. களிம்பை யார் கொடுத்தது?"

"நான்தான். வாராவாரம் அங்க வரும்போது அன்னிக்கு முதல் தடவை நானே தடவிவிடுவேன். எப்படித் தடவணும்னு காட்டுறதுக்கு."

"முக அட்டையைக் காட்டினது?"

"அதுவும் நான்தான்."

"மாத்திரை ஆளுங்களுக்கு?"

"அவங்க மருந்து கவுன்டர்ல வாங்கிப்பாங்க. அட்டை மட்டும் நான் காட்டுவேன்."

கொடுக்கிற கையும் கேட்கிற வாயும் ஒரே ஆளுடையதாக இருந்தால், வருகிற பதிலை எப்படி நம்புவது? ஆய்வு ஒன்றைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். மருந்து பெற்றவருக்கு அது எந்த மருந்து என்று தெரியுமா? கேட்கிறவருக்குத் தெரியுமா? தெரியாமல் இருந்தால் நல்லது. இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. p இதையெல்லாம் கண்டுபிடிக்காது. அது தற்செயலை மட்டும்தான் சந்தேகப்படும். மனுஷர்களின் மரியாதையைச் சந்தேகப்பட அதற்குத் தெரியாது.

இதைத் தீசிஸில் குறையாக எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதினாள். அவளுடைய பேராசிரியர் அதை ஒரு வரியாக்கி, கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒதுக்கிவிட்டார் என்று பிறகு சொன்னாள்.

அவள் படியிறங்கிப் போனதும் அண்ணனிடம் போய் நின்றேன். "ரெண்டா? கால் ரெண்டா எரியுது உனக்கு?" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி ஜில்லுனு கீது பாப்பா. இப்ப ரெண்டுதான்."

"அங்க என்ன பக்கெட்டா வச்சிருக்காங்க? அந்தப் பொண்ணுகிட்ட ஏன் பொய் சொல்ற?"

"கால் யார்து? என்து. வலி யார்து? அதுவும் என்து. நம்பர் மட்டும் உன்தா?"

நான் விடவில்லை. அந்த வாரமே அவரை நானே வலிப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். என் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தேவல சார். இது சும்மா பயந்துக்கினு இட்டாந்துட்ச்சி" என்று என்னைக் காட்டினார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வீடு பார்த்திருப்பார், நோயாளியைவிட அதிகம் புலம்புகிற சொந்தங்களை. ஆய்வில் நன்றாகக் குறைந்திருக்கிறதே, களிம்பையே தொடருங்கள் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது லஸ் முனை சிக்னலில் நின்றோம். அண்ணன் இரண்டு காலையும் வெளியே எடுத்துக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டார். நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அவ்வளவு கோபம்.

அந்தக் கோபத்திலேயே மழைக்காலம் போயிற்று. ஸ்கேனில் நோய் கல்லீரலுக்கு வந்துவிட்டது தெரிந்தது. இனி கீமோ வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். உடம்பு கரைந்தது. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. உட்கார முடியாமல் போன பிறகு பக்கெட்டும் போய், நனைத்த துண்டைக் காலில் சுற்றிவிட ஆரம்பித்தேன். காய்ந்தால் மறுபடி நனைப்பேன். வலிப் பிரிவுக்குப் போகலாம் என்று ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒரே பதில்தான்: "கொஞ்ச நாள் போவட்டும்." எதற்குக் கொஞ்ச நாள் என்று எனக்குப் புரியவில்லை. நாள் குறைந்துகொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் வாராவாரம், "டாக்டரம்மா பரீட்ச இன்னா ஆச்சி, போன் பண்ணுச்சா?" என்று மட்டும் மறக்காமல் கேட்டார்.

ஒருநாள் மத்தியானம் அவள் பால்கோவா டப்பாவோடு வந்தாள். பாஸாகிவிட்டாள். தீசிஸும் ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஒரு பத்திரிகையில் கட்டுரையாகவும் வரப்போகிறது என்றாள். கட்டில் அருகே குனிந்து ஒரு துண்டு எடுத்து அண்ணன் வாயில் வைத்தாள். அவருக்கு எதுவும் விழுங்க முடியாத நேரம் அது. வாயிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். "சந்தோஷம்மா. பெரிய டாக்டரா வரணும் நீ" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது, "கால் பரவாயில்லையா சார்?" என்றாள். "ஃபஸ்ட் கிளாஸ்" என்றார்.

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்து, கீழே இரும்பு கேட் சாத்தும் சத்தம் கேட்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு வாயிலிருந்த இனிப்பை என் கையில் துப்பினார்.

"எட்டு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"எப்பவுமே எட்டுதான் பாப்பா. ஒருநா கூட கொறைல."

கையில் அந்த இனிப்பு பிசுபிசுத்தது.

"படிச்ச பொண்ணு, டாக்டரு. கீழ குந்திக்கினு எங்கால மடிமேல வச்சித் தடவுது. நம்ம கால இதுக்கு முன்ன யார் தொட்டா? ஆத்தா செத்தப்பறம் எவனும் தொட்டதில்ல. தடவிட்டு அண்ணாந்து பாக்குது, நல்லாகீதான்னு. நான் அழுவப் போற மூஞ்சியத் தொட்டா, அது மூஞ்சியும் அப்டியே ஆய்டுது. மொத வாரம் பாத்தேன். அதுக்கு மேல என்னால முடியல." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "அதான் பாஸாய்ட்ச்சே. இப்ப அந்த டாக்டராண்ட இட்னு போ. நான் போய்ச் சேர்ற வரைக்கும் அதுகிட்ட சொல்லாத."

அன்றைக்கே கூட்டிப்போனேன். அதே வயதான டாக்டர்தான். அண்ணன் அட்டையில் அழுகிற முகத்துக்கு முந்தின முகத்தைத் தொட்டார். டாக்டர் மருந்தை மாற்றினார். இரண்டொரு நாளில் துண்டை நனைக்க வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. ஒரு மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு அவர் தூங்குவதைப் பார்த்தேன். அப்படி அவர் தூங்கி எத்தனையோ மாதமாகியிருந்தது. இதே தூக்கம் அவருக்கு மழைக்காலம் முழுக்கக் கிடைத்திருக்கும். அதை நினைத்தபோது அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். அந்தத் தூக்கமும் கொஞ்ச நாள்தான். பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு அந்தப் பெண் வந்தாள். ஊரில் இல்லாததால் சாவுக்கு வர முடியவில்லை என்றாள். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கட்டுரை வெளிவந்துவிட்டதாம். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து களிம்பைப் பற்றிக் கேட்கிறார்களாம். பெருமைக்காகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. துக்க வீட்டில் பேச ஏதாவது வேண்டுமே என்று சொன்னாள். கடைசியில் அவளே கேட்டாள்.

"மேடம், சாருக்கு அது கொஞ்சமாவது வலியக் குறைச்சுதுல்ல? அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறுதலா இருக்கு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அண்ணனும் அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் களிம்பைப் பற்றிக் கேட்கிற அந்த ஆஸ்பத்திரிகளில் எல்லாம் யாரோ ஒருவர் பக்கெட்டில் கால் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"எட்டும்மா" என்றேன். "அந்தக் களிம்பு தடவின நாள் பூரா எட்டு. உனக்காக ரெண்டுன்னு சொல்லியிருக்கார்."

அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். முதலில் புருவம், பிறகு உதடு. அட்டையில் ஒவ்வொரு கட்டமாக வரைந்திருந்த அதே வரிசையில் கடைசி முகம் வரை வந்தது. அண்ணன்மேல் அத்தனை மாதம் வைத்திருந்த கோபம் அப்போதுதான் என்னைவிட்டுப் போனது. அந்த முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு எட்டு என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பையில் போனைத் தேடினாள்.

"மத்தவங்களும் அப்படிச் சொல்லியிருப்பாங்கல்ல மேடம்? எல்லார் நம்பரும் இருக்கு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு நானே திரும்பக் கேக்கறேன்."

"நீ கேக்காதேம்மா" என்றேன். "வேற யாரையாவது கேக்கச் சொல்லு."